பிள்ளையாருக்குப் பின்னால் ஓடிய சோதனை

எனக்கு எண்பத்தொன்று நடக்கிறது. வளர்த்தது நாலு பேரை. மூன்று நான் பெற்றது, ஒன்று என் அண்ணன் விட்டுவிட்டுப் போன மகள். மூத்தவர்கள் மூவரும் கல்யாணம், தோட்டம், கடை என்று அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி மகள்தான் கம்ப்யூட்டர் படித்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதவும் செய்வேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் காலைப்பொழுது போய்விடும். அதனால் இதைப் படிக்கிறவர்களும் அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

இது தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது. கோயமுத்தூரில் கணபதி என்கிற பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறை அதற்கு முன்பு என் வீட்டுக்காரரின் பட்டறைச் சாமான் போடும் அறையாக இருந்தது. அவர் தண்ணீர் மோட்டார் செய்து விற்றவர். அவர் போன பிறகு பட்டறையை மூடிவிட்டோம். அறை மட்டும் கிரீஸ் வாசத்தோடு சும்மா கிடந்தது. என் மகள் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மேசை போட்டு, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். பின்பக்கத்துப் பட்டறைகளில் லேத் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு பல்பு மங்கும். அதற்காக ஒரு பேட்டரிப் பெட்டியும் வாங்கி மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். மேசையில் உட்கார்ந்தால் அதன் சூடு காலில் அடிக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு மில் இருந்தது. பேர் வேண்டாம். படுக்கை விரிப்பும் ஜன்னல் துணியும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். துணியில் வருகிற பூ, கட்டம், கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைவதற்கென்று அங்கே ஒரு டிசைன் அறை. அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே குறை. பெரிய படமாக எடுத்து அப்படியும் இப்படியும் இழுத்தால் திரை விக்கி விக்கி நகரும். டிசைன் போடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

டிசைன் வரையும் புரோகிராம் ஒன்று, அது சொல்வதைத் திரையில் கொண்டுவந்து காட்டுவது இன்னொன்று என்று என் மகள் எனக்கு விளக்கினாள். காட்டுகிற அதற்கு டிஸ்பிளே சர்வர் என்று பேராம். எனக்கு விளங்கவில்லை. அவள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "கல்யாண ஊட்டுல ஆக்கறவர் வேற, பந்தியில பரிமாறறவர் வேற இல்லியாம்மா? ஆக்கறவர் எத்தன சுருக்கா ஆக்குனாலும் பரிமாறறவர் மசமசன்னு நின்னா எலைக்கு சோறு வருமா?" என்று கேட்டாள். அப்போது விளங்கியது.

அப்படிப் பரிமாறுகிறவை மூன்று விதம் அன்றைக்குக் கிடைத்தன. ஒன்று காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் விற்றது. இன்னொன்று சென்னையிலிருந்து வரவழைப்பது. மூன்றாவதை யாரும் விற்பதில்லை. எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்து நமக்கு வேண்டியபடி மாற்றியும் கொள்ளலாம். என் மகள் அதைத்தான் மாதக்கணக்காக உட்கார்ந்து மில் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருந்தாள். வீட்டில் நாங்கள் அதை "நம்முது" என்போம். மற்ற இரண்டும் "கடைக்காரங்களுது".

மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஓட்டி, எது எவ்வளவு வேகம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மில்லில் அவளிடம் கேட்டிருந்தார்கள். நம்முது முந்தினால் அந்த டிசைன் அறை முழுவதற்கும் அவளே போட்டுக் கொடுப்பாள், பிறகு பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கே. இல்லையென்றால் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குப் போக மனசில்லை. யாரிடமும் கை கட்டி நிற்காமல் அப்பாவைப் போல வீட்டு முன்னறையிலேயே தொழில் செய்ய வேண்டும் என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். வருகிற ஒறம்பரை, சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லியே காபி கொடுப்பேன்.

சோதனை எப்படி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். திரையில் ஒரு சதுரம் வரும். அதற்குள்ளே கோடாகப் போடும், கட்டமாகப் போடும், எழுத்தாகக் கொட்டும், ஒரு படத்தை இழுத்து இழுத்து நகர்த்தும். நொடிக்கு எத்தனை போட்டது என்று அதுவே எண்ணிக்கொள்ளும். ஓடும்போது யாரும் மவுஸைத் தொடக்கூடாது, வேறு வேலை எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் நடக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் மோட்டார் சோதிப்பதும் இதே மாதிரிதான். ஒரே தொட்டி, ஒரே பைப், ஒரே கரண்ட். அதனால் மகள் சொன்னதும் நான், "உங்கொப்பன் செஞ்சதத்தான நீயும் செய்யற" என்றேன். அவளுக்கும் அதில் பெருமைதான்.

இனிப் பிள்ளையார் விஷயம். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

நம்முதை முதன்முதல் ஓட்டிய அன்றைக்குத் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளியாக வந்து நின்றது. நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஏங்கண்ணு, மொதமொதல்லயே பெருக்கல் குறியா? வாத்தியார் தப்புன்னு போட்டு உட்ட மாதிரி இருக்குது."

"அது மவுஸ் எங்க நிக்குதுன்னு காட்டறதும்மா."

"என்னமோ இருக்கட்டும். பிள்ளையார் இல்லாம நம்மூட்டுல ஒரு வேல தொடங்குனது உண்டா? உங்கொப்பன் சந்தனம் வெக்காம ஒரு மோட்டாரத் தொட்டிப்பக்கம் கொண்டுட்டுப் போனதுண்டா?"

அவள் சிரித்தாள். ஆனாலும் எனக்காக ஒரு காலண்டர் பிள்ளையாரைக் காந்திபுரத்தில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு மூலையில் சிறியதாகத்தான் வைத்தாள். வேலை ஆரம்பித்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல்கள் திறந்து அவரை மூடிவிட்டன. தும்பிக்கை மட்டும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

"சாமி மேல சாமானத்தப் போட்டு மூடுவாங்களா?" என்றேன்.

"வெறும் படந்தாம்மா."

"ஊட்டுச் செவுத்துல இருக்கறதும் படந்தான். அதும்மேல துண்டத் தொங்கப்போடுவியா நீ?"

நடுவில், பெரிதாக, எது வந்தாலும் அவர்மேல் ஏறாதபடி செய்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் நம்முதை ஓட்டியவுடன் அவர் நடுவில் வந்து உட்காருவார். வேலை செய்யும்போது மவுஸால் அவரை ஓரமாக இழுத்து விட்டுக்கொள்வாள். மறுபடி ஓட்டினால் மறுபடி நடுவில் வருவார். கடைக்காரர்களுடையதில் அவர் வர மாட்டார். அவர்கள் போட்டுக் கொடுத்தபடியே அவள் அதை வைத்திருந்தாள். அதில் பிள்ளையார் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு என்ன வேண்டுதலா?

சோதனை வைத்த நாளில் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இன்னைக்காவது அவர ஓரங்கட்டாத. நடுவுலயே இருக்கட்டும்."

"சதுரம் அவருக்குப் பொறத்தால போயிரும்மா."

"போனா எண்ண மாட்டீங்குதா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "எண்ணும்" என்றாள். விட்டுவிட்டாள். எண்ணவும் செய்தது.

அன்றைக்கு மில்லிலிருந்து டிசைன் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் சோதனையை நேரில் பார்ப்பதற்கு வந்தார். என் மகளை மில்லுக்குச் சொல்லி விட்டவரே அவர்தான். கோட்டைமேட்டுக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முஸ்லிம் குடும்பம், அவர் தாத்தா காலத்திலிருந்து துணிக்கு அச்சுக்கட்டை செதுக்கியவர்கள் என்று என் மகள் சொல்லியிருந்தாள். அதிர்ந்து பேசாத மனிதர். செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "வரலாமுங்களாம்மா" என்று கேட்ட பிறகுதான் உள்ளே காலை வைத்தார்.

நான் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது நம்முது ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் நடுவில் இருந்தார். சோதனைச் சதுரம் அவருக்குப் பின்னால். இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அது வெளியே தெரிந்தது. அதில் கோடும் கட்டமும் பளிச் பளிச்சென்று வந்து வந்து போயின. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓரத்தையே பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தப் படத்த மட்டும் சித்த அக்கட்டால..." என்று ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை.

"அதத் தொடாதீங்க தம்பி. எங்கூட்டுல எந்த வேலைக்கும் மொதல்ல நிக்கறவர் அவருதான். அவர நவுத்தீட்டு நாங்க ஒண்ணும் செய்யறதில்ல. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

என் மகள் தலையைத் தூக்கி, "அம்மா!" என்றாள்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம் என்பது கோயமுத்தூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் மதக்கலவரம் நடந்து, டவுன் பஸ் பொழுதோடு நின்றுபோன நாட்கள் உண்டு. பழகினவர்கள்கூட எதிர்ப்பட்டால் சாமிப் பேச்சை எடுக்காமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போன நேரம். அந்த நேரத்தில், என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து "உங்களுக்கு" என்று சொன்னேன். அந்த வார்த்தையை எப்படி அழுத்திச் சொன்னேன் என்பது இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவர் முகம் மாறவில்லை. "இல்லீங்கம்மா, இருக்கட்டுங்க. சும்மாத்தானுங்க கேட்டேன்" என்றார். காபியைக் குடித்தார். "காபி நல்லாருக்குதுங்க" என்றும் சொன்னார். என் மகளுக்கும் அவர் எதற்குக் கேட்டார் என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே நான் சொன்னது மறுபடி நடுவில் வந்து நிற்கும் என்று பயந்திருப்பாள். சோதனை முடியும்வரை அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை வந்தது. கடைக்காரர்களுடையது இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நம்முது அவற்றைப்போல் பல மடங்கு. என் மகள் முதலில் நம்பாமல் இன்னொரு தரம் ஓட்டினாள். அதே மாதிரி வந்தது. மாதக்கணக்காகத் தான் பட்ட பாட்டுக்கு வந்த பலன் என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று அதை அடித்துத் தள்ளியபோது நான் பக்கத்தில் நின்று சூடத்தட்டைக் காட்டினேன்.

அந்த வாரமே அன்னூர்ப் பக்கம் ஒரு சீருக்குப் போயிருந்தோம். நான் சும்மா இருக்கவில்லை.

"எம்புள்ளையுது கடைக்காரங்களுதக் காட்டீலும் எத்தனையோ மடங்கு எச்சு" என்றேன் நாத்தனாரிடம்.

"எதுல எச்சு?"

"வேகத்துல."

"என்ன செய்யற வேகம்?"

"கட்டம் போடற வேகம்."

"கட்டம் போட்டு?"

"அழிக்கும். மறுக்காப் போடும்."

நாத்தனார் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்கூட்டுல பேரனும் அதையேதான் செவுத்துல கரிய வெச்சுச் செய்யறான். அவனுக்கு ஒருத்தரும் சீர் வெக்க மாட்டீங்கறாங்க" என்றாள். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. விவரம் தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு பாயசத்தை வேண்டாம் என்றுவிட்டேன்.

பிறகு மில்லில் கூப்பிட்டார்கள். நம்முதை அவர்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, பக்கத்திலேயே இன்னொன்றில் காந்திபுரத்துக் கடைக்காரருடையதைப் போட்டு, முதலாளி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். நானும் வருவேன் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலாளி என் வீட்டுக்காரரிடம் அந்தக் காலத்தில் மோட்டார் வாங்கியவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். ஆகையால் போகலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

டிசைன் அறை ஜில்லென்று இருந்தது. படம் முழுக்கத் தெரிய வேண்டும் என்று நம்முதில் பிள்ளையாரை என் மகள் ஓரமாக ஒதுக்கி விட்டிருந்தாள். இரண்டு திரையிலும் ஒரே படுக்கை விரிப்பு. சிவப்புப் பூவும் பச்சைக் கொடியுமாக. ஒரு பெண் உட்கார்ந்து கடைக்காரருடையதில் பூவைப் பிடித்து இழுத்தாள். பூ வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்து நம்முதில் இழுத்தாள். பூ நின்றது, குதித்தது, நின்றது. மறுபடி இழுத்தாள். அதே மாதிரி. என் மகள் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து இழுத்தாள். அவள் இழுத்தாலும் குதித்துக் குதித்துத்தான் போனது. கடையிலிருந்து வந்திருந்த ஆள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

முதலாளி பிரிண்ட் அடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க அக்கா, பேப்பர்ல பறக்குது, தெரையில தவக்களையாட்டத் தாவுதுங்களே?" என்றார். அறையில் இருந்தவர்கள் மெதுவாகச் சிரித்தார்கள்.

"உங்க மில்லுக் கரண்ட்டு சரியில்லீங்க" என்றேன்.

"ஒரே ப்ளக்குலதானுங்க ரெண்டும் இருக்குது."

என் மகளின் கழுத்து சிவந்துபோயிற்று. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலாளி அவளை ஒன்றும் சொல்லவில்லை. பெண்பிள்ளை, தெரிந்த வீடு. யாரையாவது சொல்லியாக வேண்டுமே. சுவர் ஓரமாக நின்ற கோட்டைமேட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நீ நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான வந்த?"

"ஆமாங்க. பாத்தேனுங்க."

"பாத்து? காபியக் குடிச்சுப்போட்டு வந்தியா?"

மறுபடியும் சிரிப்பு. அவருக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர், "நான் இன்னுங் கொஞ்சம் கவனிச்சிருக்கோணுமுங்க" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. எதற்காக இவர் தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சரி, இவர்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் சாப்பிடாமல் முன்னறைக்குப் போனாள். சோதனையை மறுபடி ஓட்டினாள். அதே பெரிய எண்ணிக்கை. என்னென்னவோ மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் பிள்ளையாரை மவுஸால் பிடித்து ஓரமாக இழுத்து விட்டுவிட்டு ஓட்டினாள். எண்ணிக்கை கீழே விழுந்தது. திரும்பக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஏறியது.

"அம்மா, இங்க வா" என்றாள். போனேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தரம் நடுவில் வைத்தும் ஒரு தரம் ஓரமாக வைத்தும் ஓட்டிக் காட்டினாள்.

"மறைஞ்சிருக்கற எடத்துல அது வரையாதும்மா. ஆரும் பாக்காத எடத்துல எதுக்கு வரையோணும்னு தாண்டிப் போயிரும். ஆனா வரையச் சொன்னதுக்கெல்லாம் கணக்கு மட்டும் ஏறிக்கும்."

அவள் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மோட்டார்க்காரர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? பைப்பில் தண்ணீர் ஏறாமல் காற்றில் சுற்றுகிற மோட்டார் அப்படித்தான். சத்தம் லேசாகும், பாரமே இருக்காது, நன்றாக ஓடுகிற மாதிரித் தெரியும். தொட்டியைப் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. என் வீட்டுக்காரர் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஒரே தொட்டி, ஒரே பைப் என்று மகளிடம் பேசினவள்தான் நான். அன்றைக்குத் தொட்டியைப் பார்க்கவில்லை.

அவள் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, "அவர் நவுத்தச் சொன்னாரும்மா" என்றாள்.

"எதுக்குன்னு சொல்லலியே" என்றேன்.

"சொல்ல உட்டியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவள் பிள்ளையார் இல்லாமல் மூன்றையும் முதலிலிருந்து ஓட்டினாள். எழுத்துக் கொட்டுவதில் நம்முது கொஞ்சம் முன்னால் இருந்தது. கோட்டில் மூன்றும் ஏறக்குறைய ஒன்று. கட்டத்தில் கடைக்காரருடையது முந்தியது. படத்தை இழுப்பதில் நம்முது பக்கத்திலேயே வரவில்லை. மில்லுக்கு வேண்டியிருந்ததோ அந்தப் படத்தை இழுப்பதுதான்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிருந்துச்சுன்னு சொல்லிப்போடு கண்ணு. சாமி பேர எதுக்கு இழுக்கோணும்?" என்றேன்.

"சாமி பேர நான் இழுக்கலம்மா. ஒரு படம் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, நாந்தான் பாக்காம உட்டுட்டேன்னு சொல்லப் போறேன். அதுதான நெசம்?"

மில்லுக்குப் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கோட்டைமேட்டுக்காரருக்குப் பேசினாள். நானும் கூடவே போய் நின்றேன். நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள். அவர் பதில் போனுக்கு வெளியிலேயே எனக்குக் கேட்டது.

"வேண்டாமுங்க, தயவு செஞ்சு வேண்டாமுங்க. தெரிஞ்சும் ஏன் சும்மா வந்தீன்னு கேப்பாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா வெளிய வருமுங்க. சாமி படத்த நவுத்தச் சொன்னான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு எனக்கு வேண்டாமுங்க. எனக்குக் கவனம் பத்தலைன்னே இருந்துட்டுப் போகட்டுமுங்க."

என் மகள் போனை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்னுங்க, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

மில்லில் முதலாளி என் மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நேர்மையாச் சொன்னே அம்மணி, சந்தோசம்" என்றாராம். "பாக்கலாமுங்க" என்றும் சொன்னாராம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் அதோடு முடிந்தது என்று அர்த்தம். கடைக்காரருடையதைப் போட்டுக்கொண்டார்கள். தை பிறந்ததும் என் மகள் பெங்களூர் போய்விட்டாள். நல்ல வேலை, நன்றாக இருக்கிறாள். முன்னறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டோம். அவள் போனதற்காக நான் அழுதேன், அது வேறு. பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்.

என்னைத் தின்றது இன்னொன்று. ஊரில் நல்ல குடும்பம், பண்பான பேச்சு என்று பேர் வாங்கிய வீடு எங்களுடையது. வாசலுக்கு வந்த யாரையும் வாங்க, உட்காருங்க என்று சொல்லாமல் இருந்ததில்லை. அந்த வீட்டில் ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த ஒன்றை, எங்கள் நன்மைக்காகவே, சொல்ல முடியாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார். எந்தப் பிள்ளையாரும் என்னை அப்படிப் பேசச் சொல்லவில்லை. நான்தான் பேசினேன்.

ஆள் சொல்லி விட்டேன், வீட்டுக்கு ஒரு தரம் வந்து போகச் சொல்லி. வேலை அதிகமாக இருக்கிறது, இன்ஷா அல்லா வாரேன் என்று சொல்லி அனுப்பினார். வரவில்லை.

வெகு நாள் கழித்து காந்திபுரத்தில் கணபதி பஸ் ஏறினேன். கூட்டம். கையில் பையோடு தள்ளாடிக்கொண்டு நின்றவளைப் பார்த்து முன்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "இங்க உக்காருங்கம்மா" என்றார். அவர்தான். காதோரம் நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? உங்க பொண்ணு பெங்களூர்ல நல்லா இருக்காங்களா?"

"இருக்கறா தம்பி. நீங்க இன்னும் மில்லுலதான..."

"அங்கதானுங்க. டிசைன்ல இல்லீங்க இப்ப, துணி மடிக்கற செக்சன்ல இருக்கறேன்."

"தம்பி, அன்னைக்கு எங்கூட்டுல நான் உங்களப் பாத்து..." என்று ஆரம்பித்தேன். அவர் பஸ்ஸைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நெற்றியில் திருநீறு வைத்தவர்கள், பூ வைத்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் நெருங்கி நின்றார்கள். ரொம்ப மெதுவாக, "டெஸ்ட்டுன்னா அப்படி இப்படி வருமுங்கம்மா. அத எதுக்குங்க இப்ப" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. இந்தப் பஸ்ஸில் வேண்டாம் என்று கெஞ்சினார். அடுத்த நிறுத்தத்தில் "வாரேனுங்கம்மா" என்று இறங்கிவிட்டார். அது அவர் இறங்குகிற இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்கு முதல் தரம் அவர் பேச்சை நான் வெட்டினேன். பஸ்ஸில் என் பேச்சை அவர் வெட்டியது நியாயம்தான். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இதில் யார் பேரும் போடாமல் எழுதியதற்கு அவர் போனில் சொன்ன அந்த வார்த்தைதான் காரணம். பேர் இல்லாவிட்டாலும் நடந்தது இருக்கட்டும். அவருக்குக் கவனம் பத்தாமல் இல்லை. பார்த்த நிமிஷமே கண்டுபிடித்தார், சொல்லவும் வாயைத் திறந்தார்.

என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தொடச்சிட்டியா கண்ணு? இத வாங்கிக்க. மொதல்ல இருந்து படி, அவசரப்படாத. அவரு காபி டம்ளரக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டாருல்ல, அந்த எடம் வந்தா இன்னும் மெதுவாப் படி. நான் பேசுனத, முன்ன உனக்கு வாயால சொன்னதக் காட்டீலும் பதமா எழுதியிருந்தன்னா, நிறுத்திச் சொல்லு.